பயந்த பிள்ளைக்கு மந்திரிச்சால் மட்டும் போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நான் பாடத்தை இழுத்தபோதெல்லாம் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதையாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். ஊரும் பேரும் சொல்லமாட்டேன், யாரும் கேட்கவும் வேண்டாம். எழுதலாமா என்று அவளிடம் கேட்டு, சரி டீச்சர் என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அவளுக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். ஏழு மாதத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டு நாட்டுப்படகு காற்றில் கவிழ்ந்தது. பையனின் அப்பாவைப் பக்கத்துப் படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். சித்தப்பா கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கினார். கூட்டத்துக்குள் புகுந்து இந்தப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டான். யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கடற்கரை வழியாகப் போவதில்லை. ஊரைச் சுற்றிப் போகிறான். படகு இன்ஜின் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறான். பதினோரு வயதில் படுக்கையை நனைக்கிறான். அப்பா தொழிலுக்குக் கிளம்பினால் வலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். பள்ளியில் ஒரு பையனின் மண்டையை உடைத்திருக்கிறான். "முன்ன இப்படி இல்ல டீச்சர், சொன்ன சொல் தட்டாத பிள்ளை" என்று அழுதாள்.

என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார்கள். கோயிலில் எண்ணெய் பூசினார்கள். அம்மாச்சி கயிறு மந்திரித்துக் கட்டினாள். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் (அவர் இந்தப் பதிவைப் படிப்பார், கோபித்துக்கொள்ளக் கூடாது) "அதப் பத்தி அவன்கிட்ட யாரும் வாயத் தொறக்காதீங்க, பச்சப் புள்ள, தானா மறந்துரும்" என்று உத்தரவு போட்டுவிட்டார். ஏழு மாதமாக அந்த வீட்டில் சித்தப்பா பேரை யாரும் எடுப்பதில்லை. மாலை போட்ட போட்டோவைக்கூட அலமாரிக்குள் வைத்துவிட்டார்களாம்.

தானாக மறந்துவிடும் என்பதைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும்.

நம் சொந்தக்காரர்களுக்கு எங்கள் சின்னம்மாவைத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது அவருக்கு ஒன்பது வயது. பாம்பனிலிருந்து போன ரயிலையே அலை அடித்துக்கொண்டு போன இரவு அது. பாம்பன் பாலம் உடைந்து, அதைச் சில வாரங்களிலேயே இன்ஜினியர் ஸ்ரீதரன் சரிசெய்து கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். பாலத்தைச் சரிசெய்ய ஆள் வந்தது. சின்னம்மாவைச் சரிசெய்ய யாரும் வரவில்லை. வர வேண்டும் என்று தோன்றுகிற காலமும் அது இல்லை. அறுபது வயதிலும் மார்கழி மாதத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால், ரேஷன் கார்டையும் இரண்டு சேலையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். விடியும் வரை அப்படியே இருப்பார். நாம் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்திருக்கிறேன். "சின்னம்மா, கப்பல் எப்ப கெளம்புது?" என்று கேட்டது நான்தான். ஐம்பது வருடத்தில் மறக்காதது ஏழு மாதத்தில் எப்படி மறக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1991. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம். 1990 ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டபின், மன்னார் பக்கமிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகு படகாகச் சனங்கள் நம் கரையில் வந்து இறங்கிய காலம். மண்டபம் முகாம் நிரம்பி வழிந்தது. எங்கள் பள்ளியிலும் முகாம் பிள்ளைகள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். நன்றாக எழுதுவான், பேசமாட்டான். ஒருநாள் மத்தியானம் நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து போனது. நம் பக்கத்தில் அது புதுசா என்ன? பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். இவன் மட்டும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் பிள்ளையையும் சடையைப் பிடித்து இழுத்துக் கீழே அமுக்கிவிட்டான். அவள் அலற, வகுப்பே சிரித்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. வெளியே இழுத்துவந்து கையை நீட்டச் சொல்லி, பிரம்பால் நாலு அடி. அவன் அழவில்லை. அடி வாங்கும்போது என்னைப் பார்க்கவும் இல்லை. மேலே, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவனுடைய அம்மம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, "டீச்சர், பிள்ளைக்கு அடிக்காதேங்கோ. அவனுக்கு ஹெலி எண்டால் பயம். தங்கச்சி அதாலதான் செத்தது. இவன்தான் பக்கத்தில நிண்டவன்" என்றார்.

அந்தச் சடையை ஏன் பிடித்து இழுத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு நான் அவனை அடிக்கவில்லை. முன் பெஞ்சில் சுவர் ஓரமாக உட்கார வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். பி.எட். படித்தபோது குழந்தை உளவியல் என்று ஒரு தாள் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். பயந்த பிள்ளை எப்படி இருக்கும் என்று அதில் ஒரு பக்கம்கூட இருந்ததாக நினைவில்லை.

ரிட்டயர்ட் ஆனபின் இது பற்றித் தேடித்தேடிப் படித்தேன். டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். ஈழத்தில் இதற்கு 'மனவடு' என்று சொல் வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக வேலை பார்த்த தயா சோமசுந்தரம் அந்தப் பெயரிலேயே தமிழில் ஒரு நூல் எழுதினார். தமிழாசிரியை என்பதால் ஒரு குறை சொல்கிறேன்: வடு என்றால் ஆறிய புண்ணின் தடம். இந்தப் பிள்ளைகளிடம் இருப்பது இன்னும் ஆறாத புண். சாதாரண நினைவு என்றால் "அன்றைக்கு நடந்தது" என்று தூரத்தில் நிற்கும். இது அப்படி நிற்பதில்லை. ஒரு சத்தம், ஒரு வாடை போதும், இப்போதுதான் நடக்கிறது என்று உடம்பே நம்பிவிடும். அதனால்தான் பிள்ளை அந்தச் சத்தத்தையும் அந்த வழியையும் தவிர்க்கிறது. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் பெரிதாகிறது. வீடும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டால், பேசவே கூடாத அளவுக்குப் பயங்கரமான விஷயம் என்று பிள்ளைக்கு உறுதியாகிவிடுகிறது.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. பெரும்பாலும் அது மாத்திரை அல்ல, பேச்சு. இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2018இல் வெளியிட்ட குறிப்பில், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த நோய்க்காக மருந்து கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. (வேறு காரணத்துக்காக உங்கள் டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் என் பதிவைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நான் தமிழ் டீச்சர்.) அது முதலில் பரிந்துரைப்பது, அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையை. ஆறிலிருந்து பன்னிரண்டு அமர்வுகள். பிள்ளைகளுக்கான முறையை அமெரிக்காவில் கோஹன், மன்னரினோ, டெப்லிங்கர் என்ற மூவர் வகுத்தார்கள்.

அதில் என்ன செய்கிறார்கள்? எடுத்த எடுப்பில் "என்ன நடந்தது சொல்லு" என்று பிள்ளையை உலுக்குவதில்லை. உனக்கு வந்திருப்பது பைத்தியமில்லை, பயந்த உடம்பு இப்படித்தான் செய்யும் என்று முதலில் விளக்குகிறார்கள். பயம் ஏறும்போது மூச்சை எப்படி இறக்குவது என்று பழக்குகிறார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததைச் சொல்லவோ எழுதவோ வரையவோ வைக்கிறார்கள். அப்படிச் சொல்லும்போதுதான் பிள்ளையின் உள்ளே உட்கார்ந்திருக்கும் முள் வெளியே தெரியும். நம் பையன் அம்மாச்சியிடம் மட்டும் ரகசியமாக ஒன்று சொல்லியிருக்கிறான். அன்று சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை, போக வேண்டாம் என்றுதான் இருந்தாராம். இவன் சைக்கிள் கேட்டு நச்சரித்ததால் போனாராம். ஏழு மாதமாகப் பதினோரு வயதுப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டிருக்கிறது. எந்த ஓதின தண்ணீர் இதைக் கண்டுபிடிக்கும்? "ஒன்னால இல்லடா" என்று ஒருவர் அவனோடு உட்கார்ந்து, அன்றைய காலையை மணி மணியாக அடுக்கிக் காட்ட வேண்டாமா? தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்பதைக் காற்றையும் கடனையும் பார்த்துப் பெரியவர்கள்தான் முடிவு செய்வார்கள், பிள்ளைகள் இல்லை என்று அவனுக்குச் சொல்ல வேண்டாமா?

இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் சரிப்படும் என்று சொல்லிவிடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, நமக்கு நேர் எதிரே இலங்கையின் வடகிழக்கில், ஒரு முகாமில் 31 பிள்ளைகளுக்கு இப்படிச் சிகிச்சை செய்து பார்த்திருக்கிறார்கள். போரையும் பார்த்து, அலையையும் பார்த்த பிள்ளைகள். ஜெர்மானிய ஆய்வாளர் கிளாடியா கட்டானியும் குழுவினரும் 2009இல் அதை எழுதினார்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்குத் தங்கள் கதையைச் சொல்லும் முறை, ஆறு அமர்வு. அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. தரையில் ஒரு கயிற்றைப் போடுகிறார்கள். அது பிள்ளையின் ஆயுள். நல்லது நடந்த இடத்தில் பூ வைக்க வேண்டும், கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து அதன் கதையைச் சொல்ல, ஆலோசகர் எழுதிக்கொள்வார். அடுத்த முறை வாசித்துக் காட்டித் திருத்துவார். கடைசியில் அந்தக் கதையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். மறு பாதிக்குத் தியானமும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும், அதுவும் ஆறு அமர்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 சதவீதமும், தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். சின்ன ஆய்வுதான். சிகிச்சையே இல்லாத ஒரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை, தானாகத் தேறியவர்களும் இருக்கலாம். ஆனாலும் ஒன்று தெரிகிறது. பழகிய ஓர் ஆள், நம் பாஷையில், சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு ஆறு தடவை வந்து உட்கார்ந்தது எதிர்க்கரையில் நடந்திருக்கிறது. மரத்தடியில் நடக்கும், முகாமிலும் நடக்கும்.

அதற்காக நாளைக்கே எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளை மொத்தமாக உட்கார வைத்து கவுன்சலிங் என்று ஆரம்பித்துவிடக் கூடாது. நம் ஆட்களுக்கு எதையும் கேம்ப் போட்டு, போட்டோ எடுத்து முடித்துவிட ஆசை. வட இலங்கைப் பள்ளிகளில் 399 பிள்ளைகளை வைத்து 15 வகுப்புகளாக ஒரு திட்டம் நடத்தி, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில், அந்த வகுப்புக்குப் போனவர்களைவிடப் போகாமல் காத்திருந்தவர்களுக்கே இந்த நோயின் அறிகுறிகள் அதிகமாகக் குறைந்திருந்தன. நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரு துக்கம் நடந்த மறுநாளே மைக்கோடு போய் "நீ என்ன பார்த்தே?" என்று கேட்பவர்கள் செய்வது இதைவிடக் கெடுதல். முதல் சில வாரம் சோறு, தூக்கம், பள்ளிக்கூடம், தெரிந்த முகங்கள், இவை போதும். பல பிள்ளைகள் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் தேறவில்லை என்றால்தான் வைத்தியம். ஏழு மாதம் என்பது ரொம்பத் தாமதம், ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை.

மந்திரிப்பதை நான் பழிக்கவில்லை. ஏர்வாடிக்குப் போங்கள், ஓரியூருக்குப் போங்கள், ராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுங்கள். கூட்டமாக ஒரு பிள்ளைக்காக வேண்டிக்கொள்வதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு தெம்பு கிடைக்கிறது. ஆனால் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை நம் மாவட்டத்துக்காரர்கள் மறக்க முடியுமா? அதற்கப்புறம் சட்டம் எவ்வளவோ மாறிவிட்டது. நம் பேச்சுதான் மாறவில்லை. "பைத்தியக்கார டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கு இப்போதே கல்யாணக் கவலைப்படுகிறார்கள்.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. குழந்தைகளுக்கு 1098. எல்லாம் சரி. ஆனால் தீவிலிருந்து ராமநாதபுரம் போய்வர ஒரு நாள் கூலி போகும். அதுவும் ஆறு தடவை, பத்து தடவை. பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டத்துக்கு நடுவே பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. இந்தச் சிகிச்சைக்கு ஒவ்வொரு தடவையும் முக்கால் மணியாவது வேண்டும். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ வாரத்தில் ஒருநாள், இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்ன? உள்ளூர் நர்ஸ்களுக்கும் விருப்பமுள்ள ஆசிரியர்களுக்கும் முறையாகப் பயிற்சி கொடுத்து, மேலே ஒரு டாக்டர் கண்காணித்தால் என்ன? பெற்றோரும் சில அமர்வுகளில் கூட இருக்க வேண்டும். நம் ஊரில் விசைப்படகு ஓட்டும் அப்பாக்கள் வீட்டில் இருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலம் 61 நாள். அதையே இதற்குப் பயன்படுத்தலாமே. கடற்படை பிடித்துக்கொண்டுபோய் மாதக்கணக்கில் அப்பா அங்கே சிறையில் இருந்த வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! படகுக்கு நிவாரணம் கேட்டுப் போராடுகிறோம், கேட்க வேண்டியதுதான். கூடவே பிள்ளைகளுக்கும் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள் என்று சங்கத்துக்காரர்களை வேண்டிக்கொள்கிறேன். அந்தச் சங்கங்களில் என் மாணவர்கள் இருக்கிறீர்கள்.

2022 மார்ச்சில் அரிச்சல்முனைக்குப் பக்கத்து மணல்திட்டில் கைக்குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டுக்கொண்டு வந்தது. டி.வி.யில் பார்த்தபோது எனக்கு 1991தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது நம் பள்ளிகளில் படிக்கும் வயது. அங்கே வேலை பார்க்கும் என் மாணவ ஆசிரியர்களே, பெஞ்சுக்கு அடியில் போகிற பிள்ளையை அடித்துவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் கரை ஒதுங்கிய உடல்களின் வீடியோவை அனுப்புகிறவர்களும் நம் குடும்பக் குழுக்களில் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த போனைத்தான் ராத்திரி பிள்ளைகள் வாங்கிப் பார்க்கிறார்கள்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். 14416இல் பேசினோம். வரும் செவ்வாய்க்கிழமை ராமநாதபுரம் போகிறோம், நானும் கூடப் போகிறேன். குடும்பத்துப் பெரியவர் இன்னும் சம்மதிக்கவில்லை. "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பையனின் அப்பா சொல்லிவிட்டார், அது போதும். சித்தப்பா போட்டோவை அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி மாட்டச் சொன்னேன். மாட்டியிருக்கிறார்கள். பையன் ஒன்றும் சொல்லவில்லையாம், சாப்பிடும்போது இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தானாம்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் என் மாணவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் நம்பர் அனுப்புங்கள். அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும்.

1991இல் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். திரும்பிப் போய்விட்டானோ, கனடாவோ, இங்கேயே ஏதாவது முகாமில் இருக்கிறானோ தெரியவில்லை. ஐம்பதை நெருங்கியிருப்பான். கமெண்ட்டில் பேரைப் போட வேண்டாம்.